பனிச்சுவரில் ஒரு நரம்பு

நாள் 61 — 08:10
யூரோப்பா நிலவு, பனியைக் குடைந்து அமைத்த நிலையம். இருப்பது இரண்டே பேர்: செவிலியர் நஸீமாவாகிய நான், துளைப்பொறியாளர் இசக்கிமுத்து. துளையிடும்போது அடியிலிருந்து பீறிட்ட நீர் அவன் கையுறைக்குள் புகுந்துவிட்டது. அன்று பிடித்த காய்ச்சல். தினமும் நரம்பு வழியாக மருந்து ஏறினால் மீட்புக் கலம் வரும்வரை தாங்குவான். ஏறாவிட்டால் தாங்கமாட்டான்.

அவன் அறைக்குள் கவச உடையோடுதான் போகவேண்டும். தடித்த கையுறைக்கு நரம்பு பிடிபடாது. அதனால்தான் நரம்பு விளக்கு. அதன் கண்ணுக்குத் தெரியாத ஒளியை ரத்தம் விழுங்கும், தோல் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத் தோல்மேலேயே பச்சைக் கோடாக வரைந்து காட்டிவிடும். ஆழமும் ஓட்டமும் பார்க்க அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. அதற்கு ஒரு கை, ஊசிக்கு ஒரு கை. இவனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

பனிப்பாறையைத் துளைக்கிறவனுக்கு ஊசி என்றால் பயம். நரம்பை எழுப்ப இரண்டு விரலால் தட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியோவில் கேட்பான்: “எக்கா, குத்தியாச்சா?” நான் பஞ்சைக்கூட எடுத்திருக்கமாட்டேன்.

நாள் 63 — 09:30
கோடு மங்கல். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெளியே வந்து விளக்கை என் கையில் அடித்துப் பார்த்தேன். பளிச்சென்று தெரிகிறது. விளக்கில் பழுதில்லை.

அல்ட்ராசவுண்டில் நரம்பு இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. குத்தினேன். நிறமற்ற நீர் வந்தது.

பூமி, மருத்துவர் கல்பகம்: “விளக்குலதான் ஏதோ கோளாறும்மா. அல்ட்ராசவுண்ட நம்பு. மருந்த நிறுத்தாத.”

நிறுத்தவில்லை. ஆனால் ஓடுவது ரத்தமில்லை என்றால், ரத்தம் எங்கே போயிற்று? எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 64 — 14:05
இசக்கி போய்விட்டான். அழுதேன். கவச உடைக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

அணைப்பதற்காக விளக்கை எடுத்தேன். ஒளி கட்டிலுக்குப் பின்னாலிருந்த பனிச்சுவரில் பட்டது. பச்சைக் கோடுகள். கட்டைவிரல் பக்கம் மூன்றாகப் பிரியும் கிளை. வெல்டிங் தழும்பைச் சுற்றிக்கொண்டு போகும் வளைவு. தினமும் பார்த்த இசக்கியின் கை. எனக்குத் தெரியாதா?

நாள் 65 — 08:10
மருந்து நேரம். ரேடியோ தானாகக் கரகரத்தது.

“எக்கா, இன்னைக்கு ஊசி கெடையாதா? ரொம்பக் குளுருது.”

பதிவைப் பூமிக்கு அனுப்பினேன். பதில்: “நஸீமா, இதுல உன் மூச்சு சத்தம் மட்டுந்தாம்மா இருக்கு. கொஞ்சம் தூங்கு.”

சொல்வது சுலபம். குளிருகிறது என்கிறானே, அவனை விட்டுவிட்டு எப்படித் தூங்குவது?

நாள் 66 — 08:10
மருந்தோடு போனேன். விளக்கைச் சுவரில் அடித்தேன். கோடு மட்டும் போதவில்லை. கையுறையைக் கழற்றினேன். செய்திருக்கக்கூடாது, தெரியும். ஈரப் பனிக்கு அடியில் மெத்தென்று எழும்பித் தாழும் நல்ல நரம்பு. தட்டினேன்.

“எக்கா, குத்தியாச்சா?”

குத்தினேன். ஊசியின் பின்பக்கம் சிவப்பு ஏறியது. தொட்டால் சூடு. மருந்து முழுவதும் இறங்கியது.

“இப்ப தேவலக்கா.”

வெட்கமில்லாமல் சிரித்தேன்.

நாள் 68 — 11:00
என் விரல்களில் கோடுகள் இல்லை. மணிக்கட்டுவரை இல்லை. சுவரில் இப்போது இரண்டு கைகள்.

நாள் 69
மீட்புக் கலத்தில் வருகிறவருக்கு. விளக்கு மேசைமேல் இருக்கிறது. மருந்து மேல்தட்டில். கையுறையை மட்டும் கழற்றிவிடாதீர்கள். வலப்பக்கக் கை இசக்கியுடையது. பயந்த பிள்ளை, மெதுவாகக் குத்துங்கள். இடப்பக்கம் என்னுடையது.

ஏன் கேட்டுக்கொண்டே இருந்தான் என்று இப்போதுதான் புரிகிறது. இங்கிருந்து ஊசி வருவது தெரியவில்லை

குத்தியாச்சா?