இடதுபக்க சீட்

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம், பாப்பா ஹாஸ்டலில் நலம். நாள் முழுக்க கிரேனில் ஏறி இறங்குகிற ஆள் நீங்கள், முழங்காலுக்கு வாங்கிக் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. கட்டிக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்ததும் திடுக்கிட வேண்டாம். போனில் தட்டலாம் என்றுதான் நினைத்தேன். நான் நாலு வரி தட்டுவதற்குள் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிடுவீர்கள். கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துத்தான் ஆகவேண்டும். பத்து நாளில் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் சொன்னபடி பின்னறையில் இருக்கிற நம் விளையாட்டு விமானத்துக்குப் புது கம்ப்யூட்டர் மாட்டியாச்சு. மேகம் வந்தால் திரை திக்கித் திக்கி நின்ற தொல்லை போயிற்று. மூன்று திரையிலும் ஓடுபாதை தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடுகிறது. பெட்டிதான் பெரிசு. நீங்கள் அடித்துவைத்த பலகைக்குக் கீழே நுழையவில்லை. மெக்கானிக் அண்ணன் ரம்பம் வாங்கிவந்து இரண்டு விரல் அகலம் அறுத்தார். பின்னறை பூராவும் மரத்தூள். இரண்டு நாள் பெருக்கினேன்.

வேலை ஆரம்பிக்கும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். உங்களுக்கு என் குணம் தெரியும், ஒன்றை அவிழ்ப்பதற்கு முன் எழுதிவைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்டியரிங், லிவர், சுவிட்சுப் பலகை என்று இருபத்தெட்டு ஒயருக்கும் துணியில் டேக் கட்டி எண் போட்டேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து நோட்டில் இறக்கினேன். எட்டாவதோடு நிறுத்தினவள்தான், இருந்தாலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் விமானப் புத்தகத்தைப் படித்து முடித்தவளுக்கு இது பெரிய காரியமில்லை. அண்ணன் டேக்கைப் பார்த்துவிட்டு, பிரசவ ஆஸ்பத்திரியில்கூட குழந்தைகளுக்கு இவ்வளவு கவனமா கட்டமாட்டாங்க தங்கச்சி என்று சிரித்தார்.

நீங்கள் அவரிடம் போனில், பழசிலிருந்து எதையும் எடுக்கவேண்டாம், எல்லாம் புதுசாகவே போட்டுக்கலாம் என்று சொன்னீர்களாம். நான்தான் விடவில்லை. இருந்ததெல்லாம் இருக்கணும், என் பட்டியலோடு ஒத்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பட்டியலில் பத்தொன்பது. அவர் எண்ணிப் பார்த்தால் இருபது. ஒன்று வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தானாக எழுந்திருக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள், என்னவென்று தெரியவில்லை, ஓட்டிப் பார்ப்போமா தங்கச்சி என்றார். ஓட்டுங்கள் என்றேன்.

அது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. நீங்கள் கிரேனில் இருக்கிற நேரம்.

ஸ்பீக்கரில் உங்கள் குரல் வந்தது. வந்துட்டேன், கிளம்பலாம் என்று.

நான் உங்களுக்கு லீவு போலிருக்கிறது என்று நினைத்து, என்னங்க, இந்த நேரத்தில் எப்படி என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். அண்ணன் ஒரு சுவிட்சைத் தட்டினார். பார்த்தாச்சு, அடுத்தது என்றது. இன்னொன்றைத் தட்டினார். பார்த்தாச்சு, அடுத்தது. இடதுபக்க ஸ்டியரிங் தானாக அசைந்தது. திரையில் கேப்டன் வந்துவிட்டதாகப் பச்சை விளக்கு. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே.

அவர் நல்ல மனுஷன். நீங்க தனியா பழகறதுக்காக உங்க வீட்டுக்காரர் போட்டு வெச்சிருப்பாரு தங்கச்சி என்று எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்தார். அப்புறம் அது எந்தத் தேதியிலிருந்து ஓடியிருக்கிறது என்று திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். விமானம் இறங்கியதும் எத்தனை மணி பறந்தது, எப்படி இறங்கியது என்று ஒரு தாள் உங்கள் போனுக்குத் தானாகப் போய்விடுமாம். இன்னிக்கு இடதுபக்கம் கொஞ்சம் சாய்ச்சு இறக்கிட்டே என்று எழுதுவீர்களே, அதை வைத்துத்தானா?

நான் பறந்த கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து முப்பத்தேழு ஞாயிறு. நீங்கள் அங்கே லேப்டாப்பில் இடதுபக்க சீட், நான் இங்கே பின்னறையில் வலதுபக்க சீட். தேதியை ஒத்துப் பார்த்ததில் முதல் பதினொன்றுதான் நீங்கள். மீதி இருபத்தாறு அது.

நோட்டில் கடைசிக் கட்டத்தில் குறிப்பு எழுதுவேனே, அதைப் படித்தால் தேதியே தேவைப்பட்டிருக்காது. முதல் பதினொன்றில், சளி, வெந்நீர் குடிக்கச் சொன்னேன் என்று இருக்கிறது. பாப்பா பீஸ் விஷயமாகச் சண்டை, இறங்கும் வரை பேசவில்லை என்று இருக்கிறது. சிரித்ததில் உயரம் தப்பியது என்று இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து நல்லபடி, நல்லபடி, நல்லபடி. அதை எழுதின கை என்னுடையதுதான். எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

கிளம்புவதற்கு முன் நான் கண்ணை மூடிக் கும்பிடும்போது நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள். சாமி சிக்னல் கொடுத்தாச்சா, போலாமா என்பீர்கள். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து அந்தக் கிண்டல் நின்றது. ஐம்பதைத் தொடப்போகிறார், பக்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வானத்தில் இருக்கும்போது இனிமேல் வீட்டுப் பேச்சு கூடாது, நிஜ பைலட்டுகள் அப்படித்தான் என்று அதே சமயம்தான் எழுதியிருந்தீர்கள். அதையும் கேட்டு நடந்தேன். இறங்கினதும் ஒவ்வொரு வாரமும், இவ்வளவு தூரத்திலிருந்தும் இவரை என் பக்கத்தில் உட்காரவைத்தாயே என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். இருபத்தாறு தடவை ஒரு பொய்க்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்தக் கும்பிடு யார் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று அண்ணனும் கேட்டார். நாலாவது சுவிட்சுக்கு வர்ற பதிலில் பின்னாடி ஒரு நாய் குரைக்குது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே குரைப்பு, வாரா வாரம் கேட்டும் சந்தேகம் வரலையா தங்கச்சி என்றார். மூன்று தடவை போட்டுக் காட்டினார். எனக்கு உங்கள் குரல் கேட்டது. நாய் கேட்கவில்லை.

இதை எழுதத்தான் கடிதம் எடுத்தேன். சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்திருக்கிறேன்.

என் காது போய்க்கொண்டிருக்கிறது. வலது காதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இடது காதில் மட்டும் கொஞ்சம். ஆறு மாதமாகவே அப்படித்தான். கேட்கும் எலும்பு இறுகிப்போகிறது என்றார் காது டாக்டர். ஹெட்செட்டை இடதுபக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் உங்களோடு பறந்தேன். வாரம் பூராவும் டிவி வைக்காமல், பக்கத்து வீட்டில் அதிகம் பேசாமல், அந்தக் காதைத் தேய்க்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் பிடித்தேன். அப்படியெல்லாம் மிச்சமாகாது அம்மா என்று டாக்டர் சிரித்தார். இருந்தாலும் செய்தேன்.

உங்களிடம் சொல்லாமல் இல்லை. முப்பத்தோராவது பறப்பில், இறங்க ஆரம்பிக்கும்போது, உங்கள் சட்டத்தை மீறிச் சொன்னேன். எனக்குக் காது கேட்காமல் போகிறதுங்க, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். சொல்லிக்கொண்டே இறங்கும் விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பார்த்தாச்சு, அடுத்தது என்று பதில் வந்தது.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உடைந்துபோய்விடக் கூடாதென்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு பேசுகிறார், நானும் அப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக இறக்கினேன். அப்புறம் நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. கேட்கத் தாங்கவில்லை போலும் என்று உங்களுக்காக நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆறு வாரம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தனியாக ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் போட்டு உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தூங்கினேன் என்று சொன்னாலும் நம்புவேன். ஆறு நாள் உயரத்தில் வேலை செய்கிறவருக்கு ஏழாவது நாளும் ஆகாயமா என்று சலிப்பு வந்திருக்கலாம். இன்னிக்கு முடியலைடி என்று ஒரு வரி போதாதா? கோபித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். நீங்கள் என்னைக் கோபப்படக்கூட விடவில்லை.

இருபத்துநான்காம் தேதி இடது காதுக்கு ஆபரேஷன். பலித்தால் நன்றாகக் கேட்கும், தவறினால் இருப்பதும் போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாப்பா துணைக்கு வருகிறாள். அவளிடம் காதைப் பற்றி மட்டும் சொன்னேன், உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்பா வேண்டும்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். அந்த இருபதாவது புரோகிராமைப் புதுசில் ஏற்றவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். புது கம்ப்யூட்டர் இடதுபக்க சீட்டுக்கு யார் பெயர் என்று கேட்டபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலியாகவே விடுங்கள் என்றேன்.

நான் நாலு மணிக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருப்பேன். எங்கேயும் பறக்கவேண்டாம். இன்ஜினைக்கூடப் போடமாட்டேன், சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. நீங்கள் வந்து எதையாவது பேசுங்கள். திட்டினாலும் சரி, இனி ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்வதானாலும் சரி. எதுவாக இருந்தாலும் நீங்களே சொல்லி நான் கேட்கவேண்டும். கொஞ்சம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

கடவுள் உங்களை மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அதை மட்டும் இன்றைக்கும் குறைவில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா