இரண்டாவது தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று முதல் தாளில் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தத் தாள் அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் வேலையிடத்துக்கு வரும் லாரிக்கார மாமாவிடம் காலையில் இரண்டையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்துவிடுவேன். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கோணல் எழுத்துக்குத் திட்டாதீர்கள்.

போன வாரம் தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினாலே ஃபியூஸ் போனது. சீருடைச் சட்டை நாற்பது பாக்கி. அம்மா அழாத குறை. நீங்கள் ஒருமுறை செய்ததுபோல ஃபியூஸ் கம்பியை மூன்று இழையாக முறுக்கிப் போட்டேன். அப்புறம் போகவே இல்லை. "அப்படியே அவ அப்பாதான் போங்க!" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பெருமையடித்தாள்.

மூன்று நாளாக சுவிட்ச் போர்டுக்குக் கீழே சுவர் சுடுகிறது. அதை ஒட்டித்தான் தம்பி படுக்கிறான். "கதகதன்னு இருக்கு" என்று கன்னத்தை அதில் வைத்துத் தூங்குகிறான். கருகல் வாசனை வருகிறது என்றேன். "அப்பா கை வெச்ச போர்டுடி அது, ஒண்ணும் ஆகாது, படு" என்றாள் அம்மா.

இன்று அவர்கள் தூங்கியதும் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போர்டைத் திறந்தேன். சத்தியமாக. உள்ளே இரண்டு வயரை முறுக்கிச் சுற்றிய டேப் கரியாகிவிட்டது. வயரின் தோல் தொட்டால் உதிர்கிறது. நீங்கள் கிளம்பிய அன்று, வாசலில் வண்டி நிற்கும்போது அவசரமாகப் போட்ட இணைப்பு அது. "இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த மாசம் வந்து புதுசா இழுத்துடறேன்" என்றீர்கள். அன்று தம்பிக்கு நடக்கத் தெரியாது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

மூன்று இழை போட்டது என் தப்பு. ஃபியூஸ் போக வேண்டிய நேரத்தில் போகாமல் வயர் சுட்டிருக்கிறது. விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இணைப்பைப் பற்றிச் சொல்லமாட்டேன். வேறு வயர்மேன் வந்தால், இதை யார் போட்டது என்று கேட்பார். அம்மா என்ன பதில் சொல்வாள்?

ஃபியூஸைக் கழற்றி என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் மெஷின் ஓடாது, அடி விழும். விழட்டும். சுவர் ஆறிவிட்டது என்று தம்பி தூக்கத்தில் சிணுங்குகிறான். என் போர்வையையும் போட்டுவிட்டேன்.

அப்பா, அடுத்த மாதம் என்று எழுதாதீர்கள். தேதி எழுதுங்கள். நீங்கள் வரும்வரை இந்த ஃபியூஸை மாட்டமாட்டேன்.

உங்கள் கையை எதிர்பார்க்கும்,
அரை வயர்மேன்