நாலு விரல்

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அய்யா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள், அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு முருகலட்சுமியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

மிளகாய்ச் செடி பாதி கருகிப் போச்சு, அதை விடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது, பயிற்சி கொடுக்க ராமநாதபுரத்திலிருந்து பானுப்பிரியா என்று ஒரு பிள்ளை வாராவாரம் வருகிறது. போன மாதம் ஒரு தாளை வைத்துக்கொண்டு, குளிக்கையில, படி இறங்கையில, கோயில் கூட்டத்துல விழுந்துருவோம்னு எவ்வளவு பயமா இருக்கு, ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் சொல்லுங்கம்மா என்று வரிசையாகக் கேட்டது. நம்ம ஊரில் விழுந்துட்டாக என்றால் என்ன அர்த்தம், படுக்கையில் விழுந்தாச்சு, இனி எழ மாட்டாக என்றுதானே. விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன பேச்சு என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏ தாயி, அவளுக்கு என்ன பயம், நான் இருக்கேன்ல, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு போடு என்று சொல்லிவிட்டேன். அம்மா வாய் குழறி ஏதோ சொல்ல வந்தாள், நான் காதில் வாங்கவில்லை.

ஒன்று என்றால் பயமே இல்லையாம், நாலு என்றால் ரொம்பப் பயமாம். அந்தப் பிள்ளையும் அப்படியே எழுதி, அம்மா ஊன்றி நடந்த நாலுகால் கம்பை ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நடக்கச் சொல்லிவிட்டது. அதிலிருந்து அம்மா தண்ணீர் குடிக்கிறதே இல்லை, காலையில் வைத்த செம்பு சாயங்காலமும் நிறைந்து இருக்கிறது. கக்கூசுக்கு எழ வேண்டுமே என்று பயந்திருக்கிறாள், மடையன் எனக்குப் புரிய இத்தனை நாள் ஆனது. நேற்று நானே அந்தப் பிள்ளை வைத்துவிட்டுப் போன தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, விரலால் காட்டு என்றேன். குளிப்பதற்கு மூன்று, படிக்கு மூன்று. தாளில் இல்லாத ஒன்றையும் கேட்டேன், என் கையைப் பிடிச்சு நடக்கையில என்று. நாலு விரலையும் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. நான் விட்டுருவேன்னா நெனைக்கிற என்றேன். இல்லை என்று தலையாட்டி, என் வலது காலைக் காட்டினாள்.

செருப்பை எடுத்துப் பார்த்தேன். வலதுகால் செருப்பு மட்டும் முனையில் தேய்ந்து கிடக்கிறது, காலை இழுத்து நடக்கிறேன் போல. சோறு பிசைகையில் அந்தப் பக்கத்துக் கை மரத்துப்போவதை வெயில் என்று நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்குவதை நீயே பார்த்திருப்பாய். அம்மா எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள், சொல்லத்தான் வாயில்லை.

கம்பை அவளிடம் திரும்பக் கொடுத்துவிட்டேன். விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன், நீ அழாதே. பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், குலசாமி உங்களைக் காக்கட்டும். காலையில் ஆறு மணிக்கு மறக்காமல் போன் பண்ணு. நான் எடுக்கவில்லை என்றால் உடனே முருகலட்சுமிக்குப் பண்ணு, கதவை உள்ளேயிருந்து திறக்க அம்மாவால் ஏலாது.

உன் அய்யா,
இருளாண்டி, சிக்கல்.