தார் போடுவதற்குள்

அன்புள்ள அண்ணன் புவனேஸுக்கு,

தங்கை மோகனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் உனக்கு ஒரு குறையும் வராமல் நம் முனியாண்டி பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அதனால் கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் கொடுத்து, உங்கள் ஊருக்கு வரும் காய்கறி லோரியில் அனுப்புகிறேன்.

மாநில பட்ஜெட்டில் நம் தோட்டத்து ரோட்டுக்குக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேனே, அது நிஜமாகவே வந்துவிட்டது. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனவர்கள் இப்போது தலைதெறிக்க வேலை செய்கிறார்கள். வருடம் முடிவதற்குள் செலவழிக்காத காசு திரும்பப் போய்விடுமாம். சலீம் பாய்க்கு ஒரே எரிச்சல். அதே பட்ஜெட்டில் அவர் கடை நிலத்துக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். தன் ரொட்டி சானாயை விற்றுத்தான் எங்கள் லயத்து வீடுகளுக்கு ரோடு போடுகிறார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ரோட்டை அகலப்படுத்தத்தான் பழைய இடுகாட்டை எடுத்தார்கள். அப்பாவின் எலும்புகளைப் புது இடத்துக்கு மாற்ற, அவரைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். லீவு கிடைக்காது, குழி வெட்டிய கந்தசாமி மாமாவைக் கேள் என்று சொல்லிவிட்டாய். நம் வீட்டுப் பெண்கள் யார் இடுகாட்டுக்குப் போயிருக்கிறோம்? அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் அம்மாவும் லயத்து முனையோடு நின்றுவிட்டோம். முதல் பிடி மண் போட்டவன் நீ. நட்டுவைத்த கல்லும் மண்சரிவில் போய்விட்டது. கந்தசாமி மாமா கோலை ஊன்றிக்கொண்டு சுற்றிச்சுற்றி நடந்து ஓர் இடத்தில் நின்றார். “நான் வெட்டுன குழி எனக்குத் தெரியாதாம்மா? இதான் லா” என்றார். நம்பிவிட்டேன்.

தோண்டுவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா அங்கேயே தங்கிவிடும் என்றார்கள். நான்தான் கூப்பிட்டேன். “வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்” என்று அழுதுகொண்டே கூப்பிட்டேன். எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தபோது மண்ணோடு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் விழுந்தன. கந்தசாமி மாமா சட்டென்று துணியை மூடினார். அம்மாவும் பார்த்தார். அப்படியே மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டோம். கோலா தெர்லா பக்கம் கொடுத்திருக்கும் புது இடத்தில், மாடசாமி என்று அப்பா பெயர் எழுதிய பலகைக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம் அண்ணா.

மறுநாள் காலை அம்மா மூன்று கிளாஸில் தேநீர் ஊற்றினார். மூன்றாவது அப்பாவுக்குப் படைக்க என்று நினைத்தேன். ஆனால் அதில் மட்டும் சீனி போடவில்லை. அப்பா எப்படி அள்ளிப் போட்டுக் குடிப்பார் என்று உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். “அவளுக்குச் சீனி ஆவாது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வயதாகிவிட்டது, மனசு குழம்பிப்போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பனி இறங்கி எதிர் லயமே தெரியவில்லை. அம்மா பின்வாசலில் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். தலையை நாலு கால் போட்டுப் பின்னியிருந்தது. சரிவில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. தினமும் நான்தான் கொண்டை போட்டுவிடுகிறேன். எனக்கு நாலு கால் பின்னத் தெரியாது. லயத்தில் வேறு ஓர் ஆள் கிடையாது, எல்லோரும் மலையில் இருந்தார்கள்.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு காலிப் படியைப் பார்த்து வெளியே போ என்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதானே வாங்கன்னு கூப்பிட்ட? ஒருத்தருமே கூப்பிடாதவ, வந்துட்டா. இப்ப போன்னா எங்க போவா?” என்றார். அப்படியென்றால் அப்பா எங்கே என்று கேட்டேன். “அவரு ரோட்டுலயே நிக்கிறாரு. அவரைத்தான் யாரும் கூப்பிடலையே” என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு மேல்படியைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டேன்.

மறுநாளே ரோட்டு வேலையைப் பார்க்கும் அதிகாரி ஷாஹ்ரிலிடம் போனேன். நல்ல பிள்ளை, கடைசிவரை கேட்டார். பட்ஜெட்டில் ஒரு பெயருக்கு ஒரு முறைதான் செலவு போட்டிருக்கிறது, மாடசாமி இடம் மாறியாகிவிட்டது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். நாங்களே ஆள் வைத்துத் தோண்டிக்கொள்ளலாமாம். ஆனால் இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டும், மலை முழுக்கக் கிளற விடமாட்டார்கள். கல் பரப்பியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை தார். கந்தசாமி மாமா இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. கேட்டால் அழுகிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஆனால் பயத்தைவிட, ஒரு ரோட்டைப் போட்டு அப்பாவை மூடிவிடப் போகிறார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த இடம் தெரிந்தவன் இப்போது நீ ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வா. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வந்து இடத்தைக் காட்டி, உன் வாயால் அப்பாவைக் கூப்பிடு.

அவளைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் எங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் வரவைப் பார்த்து லயத்து முனையில் நிற்கும்,
மோகனா