ஆஸ்பத்திரியில் நான் சொல்லாதது

ஜூன் 9, திங்கள்

ஸ்கூட்டி இன்றும் கிளம்பவில்லை. ஊரார் எடையை இறக்கக் கிளம்பிய நான், வண்டியைத் தள்ளிக்கொண்டு ரத வீதியில் மூச்சு வாங்கி நின்றேன். அதைப் பார்க்க அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்களோ. ஜவுளிக்கடை வாசலில் ஒருத்தர், "டீச்சர், வண்டிக்கும் எக்சர்சைஸா?" என்றார். ஆமா அண்ணாச்சி, அடுத்தது உங்க தொந்திதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சும்மா வந்திருக்கலாம். முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவரை விசிலாவது என் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு உடற்பயிற்சி. ஒரு வீட்டில் காலையில் மருமகளுக்கு, மாமியாருக்குத் தெரியாமல். அதே வீட்டில் சாயந்திரம் மாமியாருக்கு, மருமகளுக்குத் தெரியாமல். அவர்கள் என்னிடம் இறக்கியது எடையை அல்ல, ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்த குறையை. எனக்குத்தான் அதைச் சுமந்து கழுத்து வலி.

ஜூன் 12

செல்லச்சாமி அண்ணாச்சி ஒரு வழியாக என்னைப் பிடித்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் போட்ட ஏஜென்ட். மீதிப் பாதி அவரைக் கண்டால் சந்துக்குள் ஒதுங்கும். இது புது மாதிரி பாலிசி. என்னிடம் பயிற்சி எடுக்கிற யாருக்காவது என்னால் அடிபட்டால், அவர்களுக்கு நான் கொடுக்க வேண்டிய நஷ்டத்தைக் கம்பெனி கொடுக்கும். "ஜிம்முல வேலை பாக்குறவனுக்கு முதலாளி இருக்கான். உனக்கு யாரு இருக்கா?" என்றார். எனக்கு ஜெயசிங் இருக்கிறார் என்றேன். பம்பு செட்டு ரிப்பேர் பார்க்கிற என் வீட்டுக்காரரை நினைத்து இருவருமே சிரித்தோம். கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்துக் காட்டிய நிபந்தனைகளை நான் கேட்கவில்லை. அவர் மூக்கு நுனியில் கண்ணாடி நிற்கும் விதத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், பிறகு அவரைப் போலச் செய்து காட்ட.

ஜூன் 20

புது ஆள், சங்கரேஸ்வரி அக்கா. புண்ணாக்குக் கடை மாரிராஜின் அம்மா. என்னைவிட எட்டு வயது மூப்பு. ஆடித் தபசுக்குக் கொடியேறியதும் கோயிலை நூற்றெட்டு சுற்றுச் சுற்றுவதாக நேர்ச்சை, பேரப்பிள்ளை வேண்டி. முட்டி ஒத்துழைக்க வேண்டும், அதற்கு நான். கோமதி அம்மனுக்கு நேர்ச்சை, காலைத் தயார் செய்ய சி.எஸ்.ஐ. சபைக்காரி. அவளிடமே சொன்னேன். "எவ செஞ்சா என்னட்டி, காலு நடந்தாப் போதும்" என்றாள்.

முதல் நாளிலேயே உரிமையாக ஏட்டி போட்டுவிட்டாள்! எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் 28

அக்கா நன்றாகத் தேறுகிறாள். மருமகள் சுமதி சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். நான் ஊர்க்காரர்களைப் போலச் செய்து காட்டினால் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அரை மணி பயிற்சி, அரை மணி நாடகம்.

ஜூலை 3

எப்படி எழுத.

அக்கா விழுந்துவிட்டாள். ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி, உடம்பு தள்ளாடாமல் இருக்க. வழக்கமாகப் பக்கத்தில் நின்று கையைத் தாங்குவேன். இன்றைக்கு, "தபசுல அம்மனே ஊசி முனையில ஒத்தக்கால்ல நின்னா, உங்களுக்கு என்ன கேடு? கண்ணை மூடி நில்லுங்க" என்றேன். கண்ணை மூடினாள். சிரித்துக்கொண்டேதான் மூடினாள். நான் சுமதி பக்கம் திரும்பி, செல்லச்சாமி அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிடுவதைச் செய்து காட்டினேன். சுமதி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்னொரு தடவை செய்தேன்.

சத்தம். வேறு ஒன்றும் இல்லை, ஒரு சத்தம். இடுப்பு எலும்பு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் ஏன் திரும்பினேன்? ஏம்ட்டி திரும்பின?

ஜூலை 4

செல்லச்சாமி அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அவரைப் போலச் செய்து காட்டியதைத் தவிர. இதற்குத்தான் பாலிசி, கவலைப்படாதே என்றார். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறதாம். கம்பெனியைக் கேட்காமல் தப்பு என்னுடையது என்று யாரிடமும் ஒத்துக்கொள்ளக் கூடாது, பணம் தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கக் கூடாது. மீறினால் கம்பெனி கைவிரிக்கலாம். "ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத. போனா உன் வாய் சும்மா இருக்காது. எனக்குத் தெரியும்லா."

கம்பெனி பணம் கொடுக்க வேண்டுமானால் தப்பு நான் செய்திருக்க வேண்டும். ஆனால் அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு மட்டும்தான் இப்படி ஒரு விதி என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனையில் பாவ அறிக்கை. எல்லோரோடும் சேர்ந்து நானும் சத்தமாகச் சொன்னேன். பத்து வயதிலிருந்து வாராவாரம் சொல்லிப் பழகிய வாய் இது. இதைப் போய்ப் பூட்டி வை என்கிறது ஒரு கம்பெனி. ஜெயசிங் காதோரம், "மெள்ளச் சொல்லு, ஏஜென்ட் கேட்டுரப் போறாரு" என்றார். சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

ஜூலை 9

ஊரில் பேச்சு: தள்ளிவிட்டவளே எட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை 11

போய்விட்டேன்.

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நலம் மட்டும் விசாரிப்பது, திரும்புவது. வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனேன். கட்டிலில் அக்கா பாதியாகிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாட்டி. நீ பயந்துருப்பன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன்" என்றாள். விழுந்தவள் அவள். பயந்தது நான் என்று அவளுக்குக் கவலை!

அதற்கு மேல் எப்படி. காலைப் பிடித்துக்கொண்டேன், கட்டுப் போடாத காலை. "யக்கா, எம்மேலதான் தப்பு. உங்களக் கண்ண மூடச் சொல்லிட்டு நான் திரும்பிட்டேன். எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன்." மாரிராஜ் பக்கத்தில்தான் நின்றான். அக்கா என் தலையில் கையை வைத்து, "நீ வாயத் தொறந்து சொல்லிட்டல்லா, அது போதும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். எட்டு நாளைக்குப் பிறகு.

ஜூலை 30

இன்று கொடியேற்றம். கோயில் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 5

செல்லச்சாமி அண்ணாச்சி வாசலில் நின்றபடியே பேசினார், உட்காரவில்லை. மாரிராஜ் நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுவில், டீச்சரே ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மா காலைப் பிடித்துத் தப்பை ஒத்துக்கொண்டார், செலவை ஏற்பதாகவும் சொன்னார் என்று எழுதியிருக்கிறான். அப்படி எழுதினால் கம்பெனி சீக்கிரம் கொடுத்துவிடும் என்று நினைத்திருக்கிறான், பாவம். யார்தான் நினைக்க மாட்டார்கள்? குற்றம் செய்தவளே ஒத்துக்கொண்ட பிறகு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கம்பெனிக்கு அது போதுமாம், கொடுக்காமல் இருப்பதற்கு.

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு எலும்பில் வைத்த திருகாணி பிடிக்கவில்லை. இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும். மாற்றினால் நடப்பாள், இல்லாவிட்டால் கட்டிலோடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஆபரேஷனுக்கே மாரிராஜ் கடையை அடமானம் வைத்துவிட்டான். எங்களிடம் என்ன இருக்கிறது? கிளம்பாத ஒரு ஸ்கூட்டி. ஜெயசிங் தன் பம்பு செட்டுச் சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 19

கம்பெனி விசாரணைக்கு மதுரையிலிருந்து ஆள் வருகிறார். செல்லச்சாமி அண்ணாச்சி ஒரு வழி சொல்கிறார். விழுந்த விதத்தை உள்ளபடி சொல்லலாம், அதில் தடையில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் தப்பாக விளங்கிக்கொண்டேன் என்று மாரிராஜ் எழுதிக் கொடுத்துவிடுவான். அவனிடம் பேசிவிட்டாராம். "யாருக்கும் இதுல நஷ்டம் இல்லம்மா. அவ நடப்பா."

அக்காவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20

பொய் சொன்னால் அவள் நடப்பாள். சொல்லாவிட்டால் நான் யோக்கியை. என் யோக்கியதையை வைத்து அவள் என்ன செய்வாள், கைத்தடியா ஊன்றுவாள்?

அப்படியென்றால் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது எனக்கு.

ஆகஸ்ட் 26

நடந்தது.

மதுரைக்காரர் சின்ன வயசு, மரியாதையான ஆள். அக்கா வீட்டு முன்னறையில், கட்டில் பக்கத்திலேயே எல்லோரையும் வைத்துக் கேட்டார். அக்காவிடம் யாருமே எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாரிராஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றதிலிருந்தே தெரிந்தது. அவனால் முடியவில்லை. எனக்கு மட்டும் முடிந்ததா?

கண்ணை மூடச் சொன்னதைச் சொன்னேன். திரும்பியதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், வேறு எதுவும் பேசவில்லை என்றேன். என் குரல்தான். வேறு யாரையோ செய்து காட்டுகிற மாதிரி இருந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அந்த நேரத்துக்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படிக்காதவள் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க சொல்லுங்கம்மா, இவங்க உங்ககிட்ட தப்பை ஒத்துக்கிட்டாங்களா?"

அக்கா மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள். "இவளா? வந்தா. ஆப்பிள் கொண்டாந்தா. ஒண்ணும் சொல்லல."

எழுதி முடித்து, அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். விரலைத் துடைக்கத் துணி எடுத்து நீட்டினேன். சேலையிலேயே துடைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

செப்டம்பர் 22

கம்பெனி ஒத்துக்கொண்டது. செல்லச்சாமி அண்ணாச்சி அல்வாவோடு வந்தார். ஜெயசிங் வாங்கி வைத்தார். எறும்பு வந்து எடுத்துக்கொண்டது.

அக்டோபர் 14

அக்காவைப் பார்க்கப் போனேன். ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கிறது. நாலுகால் வாக்கரைப் பிடித்து முன்னறையிலிருந்து வாசல்வரை நடக்கிறாள். காலை எடுத்து வைக்கும் விதம் தப்பு. பாரம் முழுக்க வலது பக்கம். சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

சுமதி உள்ளே போனதும் பக்கத்தில் போய் நின்றேன். "யக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னேன்லா, அது நெஜமாத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னைக்கு?" என்றாள். கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். "நீங்க ஒண்ணும் சொல்லலியே. நான்தான் ரேகை வச்சிக் குடுத்துருக்கேனே."

நீங்க.

"காலு வந்துட்டு. அதுக்கு உங்களுக்குப் புண்ணியம். அது ஒண்ணுதான் எனக்கு நீங்க மிச்சம் வச்சது, அதையும் வாங்கிட்டுப் போயிட்டிய" என்றாள். ஆஸ்பத்திரியில் என் தலையில் கை வைத்து 'அது போதும்' என்றவள். சுமதி காபி கொண்டுவந்தாள். "குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அக்கா வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே நடந்தாள். அந்தச் சின்ன அறையைக் கடக்க வெகு நேரம் ஆனது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு காபியைக் குடித்து முடித்தேன். சுடவே இல்லை.

அக்டோபர் 15

மறுபடியும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும். விட்டுவிடு.

நவம்பர் 3

ரத வீதியில் அக்காவும் சுமதியும் எதிரே வந்தார்கள். நான் வளையல் கடைக்குள் போய்விட்டேன். செல்லச்சாமி அண்ணாச்சியைக் கண்டு ஊர் ஒதுங்குவது போல. எனக்கு வேண்டாத வளையல் ஒரு டஜன்.

நவம்பர் 17

புது ஆள் கிடைத்திருக்கிறாள், கடையநல்லூரில். ஹஸ்னா பானு. வீட்டுக்காரர் துபாயில். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையை அவர் லீவில் வருவதற்குள் இறக்க வேண்டுமாம். எந்த மாப்பிள்ளைக்காக எவள் எவ்வளவு இறக்கினாள் என்று ஒரு பெரிய கதையே சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். கை தட்டிச் சிரிக்கிற ரகம்.

சேருவதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டுமா என்றாள். அவள் மாமியார் கேட்கச் சொன்னாராம், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். "இதுவரைக்கும் உங்க கையில யாருக்காச்சும் அடிபட்டிருக்கா?"

"இல்ல" என்றேன்.

பல்லில் கூடத் தட்டவில்லை. நான் யோசிப்பதற்கு முன்பே அது வெளியே வந்து நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்குக் கைராசின்னுதான் சொன்னாங்க."

ஆமாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறாள்.