பிரேக்கில் புகுந்த காற்று

உங்களுக்கு,

அந்தப் பழைய காரை ஏன் விற்கிறாய் என்று போனில் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மகனைப் பறிகொடுத்த வருடம் நாம் முதன்முதலாகப் புதுப்பித்த கார் அது. அப்போது நமக்குள் பேச்சே இரண்டு சொற்கள்தான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க, காரின் அடியில் படுத்துத் திருகைத் திறந்தபடி நீங்கள் "அழுத்து" என்பீர்கள், பிரேக்கை மிதிப்பேன். காற்று வெளியேறியதும் திருகை மூடிவிட்டு "விடு" என்பீர்கள். ஒரு நாள் நீங்கள் சொல்வதற்குள் காலை எடுத்துவிட்டேன். காற்று மறுபடி உள்ளே போய்விட்டது. முகமெல்லாம் பிரேக் ஆயிலோடு வெளியே வந்து, "பேராசிரியரம்மா, படிச்ச படிப்பெல்லாம் காலுக்கு இறங்கலையே!" என்றீர்கள். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அவன் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் சட்டென்று மீண்டும் அடியில் நுழைந்துகொண்டீர்கள். அதன்பின் நாம் சேர்ந்து சிரிக்கவில்லை. நீங்கள் வீட்டைவிட்டுப் போனதற்கு ஆயிரம் காரணம் சொன்னோம். நான் அந்தச் சிரிப்பைத்தான் காரணமாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவன் அம்மா

மறுநாள் எழுதுவது: காரை வாங்க வந்தவர் பிரேக் தளர்ந்திருக்கிறது, மறுபடி காற்று புகுந்திருக்கும் என்றார். அவரை இருக்கையில் உட்காரவைத்து, நான் அடியில் படுத்தேன். "அழுத்துங்க" என்றேன். மிதித்தார். திருகை மூடினேன். "விடட்டுமா மேடம்?" என்று மூன்று முறை கேட்டார். "விடுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.