கண்ணைப் பார்த்துப் பேசினேன்

1986 டிசம்பர், வியாழன் இரவு

இதை யார் எடுத்தாலும் எங்கள் அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

பள்ளியில் இந்த வாரம் பிறரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருகிறார்கள். தலையைக் குனியாமல், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார் சிஸ்டர். நானும் ஸ்டெல்லாவும் எதிரெதிரே நின்று பழகினோம். "உங்கண்ணுல பூளைடி" என்று அவள் சிரித்தாள். வகுப்பிலேயே நான்தான் நன்றாகச் செய்தேனாம்.

அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. காப்பி மூட்டை தூக்க முடியவில்லை. களத்தில் கொட்டை காயவைக்கும் வேலையாவது கேட்டு வரும்படி, சாயங்காலம் என்னை எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் அனுப்பினார். நான் நிமிர்ந்து நின்று, ரைட்டரின் கண்ணைப் பார்த்தே கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "ஏங்கண்ணு, உங்கொப்பன் இத்தனை வருசத்துல எம்மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல. நீ மொறைக்கிற. நாளையிலிருந்து அவனை வர வேண்டாம்னு சொல்லு" என்றார்.

நான் முறைக்கவே இல்லை.

வீட்டில் அப்பா, "ரைட்டரு என்ன சொன்னாரு, சாமி?" என்றார். "நாளைக்குப் பாக்கறேன்னாருங்கப்பா" என்றேன்.

"கண்ணு நொம்ப தகிரியமாப் பேசியிருக்குது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். காலையில் களத்துக்குப் போகத் தலையில் கட்டும் உருமாலையை எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் அவரைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள்.

அதற்குள் சொல்லிவிட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது. விளக்கை அணைத்துவிட்டு, இந்தச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொல்லிவிடலாமா என்று

தட்டுகிறார்கள். அப்பாவின் இருமல்